சோலைமந்தி

சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டும் வாழும், அழிவின் விளிம்பிலுள்ள குரங்கு. அறிவியல் பெயர் மகாகா சைலனஸ். தெற்கே களக்காடு மலை முதல் வடக்கே கர்நாடகத்தின் உத்தர கன்னடம் வரை, இடையிடையே அறுபட்ட காடுகளில் காணப்படுகிறது. காட்டில் 4,000-க்கும் குறைவாகவே இருக்கும் என்பது மதிப்பீடு.

சிங்கவால் குரங்கு என்பது இதன் மற்றொரு பெயர். கரிய முகத்தைச் சுற்றிய நரைத்த பிடரிமயிர்தான் அதற்குக் காரணம் என்று பலர் எண்ணுவர். உண்மையில் வால்நுனியில் உள்ள குஞ்சமே காரணம். பெயரில் மந்தி இருந்தாலும், லேகியத்துக்காக வேட்டையாடப்பட்ட கருமந்தி வேறு இனம். பழந்தமிழில் மந்தி பெண் குரங்கையே குறிக்கும்; ஆணுக்குக் கடுவன் என்று பெயர். இங்கோ இனம் முழுவதுமே மந்தியாகிவிட்டது.

பெரும்பாலும் ஒரே ஒரு வளர்ந்த ஆண், பல பெண்கள், குட்டிகள் என ஒரு கூட்டத்தில் பத்து முதல் இருபது வரை இருக்கும். வெடிப்பலா, பலா, அத்தி ஆகியவை முக்கிய உணவு. முள் நிறைந்த வெடிப்பலாவைப் பிளந்து உள்ளிருப்பதைத் தின்னும். மிஞ்சியதைக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும். பூச்சி, நத்தை, தவளை, பறவைக் குஞ்சுகளையும் விடாது. சுணையுள்ள கம்பளிப்புழு கிடைத்தால் இலையில் சுருட்டித் தேய்த்து, மயிர் உதிர்ந்த பிறகே வாயில் போடும்.

பெண் முதல் குட்டியை ஈன ஆறு வயதுக்கு மேலாகும். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அடுத்ததற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். இப்படி மெதுவாகப் பெருகும் இனத்துக்கு ஒவ்வொரு சாவும் பெரிய இழப்பு.

கிளைவழியே வாழ்ந்த விலங்கு இது. தேயிலை, காபி, ஏலத் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டதால் கிளைகளின் தொடர்ச்சி அறுந்தது. வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டத்தில் நூறு ஹெக்டேருக்கும் குறைவான காட்டுத்துண்டில் நூற்றுக்கும் மேற்பட்டவை நெருக்கியடித்து வாழ்கின்றன. அவை தரையிறங்கி நடக்கின்றன, காபிப் பழம் தின்கின்றன, வீட்டுக் கூரை ஏறிச் சமையலறைக்குள்ளும் நுழைகின்றன. சாலையில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் வனத்துறையும் மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டின. அவற்றில் தீயணைப்புக் குழாய்த் துணியாலானவையும் உண்டு. குரங்குகள் அவற்றைப் பயன்படுத்துகின்றன.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்த போராட்டத்துக்கு இக்குரங்கே அடையாளமானது. திட்டம் கைவிடப்பட்டு, அப்பகுதி 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.