உடனொளிர்வு வாழ்நாள் படிம நுண்ணோக்கியல்

உடனொளிர்வு வாழ்நாள் படிம நுண்ணோக்கியல் என்பது, ஒளியை உட்கவர்ந்த மூலக்கூறுகள் எவ்வளவு நேரம் கழித்து ஒளியை உமிழ்கின்றன என்பதை உயிரணுவின் ஒவ்வொரு புள்ளியிலும் அளந்து, அந்நேர வேறுபாட்டைப் படிமமாகக் காட்டும் முறை ஆகும். ஃபிலிம் என்னும் சுருக்கப் பெயராலும் இது அறியப்படுகிறது. வழமையான உடனொளிர்வு நுண்ணோக்கி ஒளிச்செறிவை அளக்கிறது. இம்முறை காலத்தை அளக்கிறது.

அடிப்படை

ஒளியை உட்கவர்ந்த மூலக்கூறு, ஒளியணு ஒன்றை உமிழ்ந்து தாழ்நிலைக்குத் திரும்பும் முன்பு கிளர்வு நிலையில் தங்கியிருக்கும் சராசரி நேரமே அதன் வாழ்நாள் எனப்படும். உயிரியலில் பயன்படும் ஒளிர்பொருள்கள் பலவற்றுக்கு இது 1 முதல் 10 நானோநொடி வரை இருக்கும். ஒரு வாழ்நாள் கழியும்போது ஒளிர்வு தொடக்க அளவில் ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைகிறது.

படிமத்தில் ஓர் இடம் மங்கலாகத் தெரிந்தால், அங்கு மூலக்கூறுகள் குறைவா அல்லது அவற்றின் ஒளிர்வு தணிக்கப்பட்டதா என்பதைச் செறிவைக் கொண்டு கூற இயலாது. வாழ்நாள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சாராது. காரகாடித்தன்மை, ஆக்சிசன், அருகிலுள்ள மூலக்கூறுகள் போன்ற சூழலைச் சார்ந்தது. எனவே இவ்வையத்தை அது தீர்க்கிறது.

அளவிடும் முறை

மிகக் குறுகிய சீரொளித் துடிப்புகள் நொடிக்குப் பல கோடி முறை மாதிரியின் மீது செலுத்தப்படுகின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் அதனால் வெளிப்படும் ஒளியணுவின் வருகைக்கும் இடைப்பட்ட நேரம் பதிவாகிறது. இப்பதிவுகளைத் தொகுத்தால் ஒவ்வொரு படவணுவுக்கும் ஒரு தேய்வு வளைகோடு கிடைக்கும். செறிவு மாறும் ஒளியைச் செலுத்திக் கட்ட வேறுபாட்டை அளப்பது மற்றொரு முறை. 1926 இல் கவியோலா இவ்வழியில் வாழ்நாளை அளந்தார்.

பயன்பாடுகள்

உயிரணு வளர்சிதைமாற்றத்தில் பங்குபெறும் என்.ஏ.டி.எச். மூலக்கூறு தனித்திருக்கையில் ஏறத்தாழ 0.4 நானோநொடி வாழ்நாள் கொண்டது. புரதத்துடன் பிணைந்தால் அது பல மடங்கு நீள்கிறது. 1992 இல் இலாகோவிட்சு குழுவினர் இவ்வேறுபாட்டைப் படிமமாக்கிக் காட்டினர்.

வெவ்வேறு ஒளிர்பொருள்கள் இணைக்கப்பட்ட இரு புரதங்கள் 10 நானோமீட்டருக்குள் நெருங்கினால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றல் செல்கிறது. வழங்கியின் வாழ்நாள் குறைகிறது. சாதாரண ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்தறிய இயலாததால், புரதங்கள் இணைவதை அறிய இது பெரிதும் உதவுகிறது.

இந்திய ஆய்வுகள்

கொழுப்பு நங்கூரத்தால் சவ்வுடன் பிணைந்த ஜி.பி.ஐ. புரதங்கள் கொத்துகளாக உள்ளனவா என்பது நெடுங்கால விவாதம். சலவைப்பொருளால் சவ்வைக் கரைத்துப் பெற்ற சான்றுகள், உயிருள்ள உயிரணுவின் நிலையைக் காட்டுமா என்ற ஐயம் இருந்தது. 1998 இல் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ரஜத் வர்மா, சத்யஜித் மேயர் ஆகியோர், இவை 70 நானோமீட்டருக்கும் சிறிய பகுதிகளில் திரள்வதாக நேச்சர் இதழில் காட்டினர்.

ஒரே வகை மூலக்கூறுகளிடையே ஆற்றல் பரிமாறப்பட்டால் வாழ்நாள் மாறாது. ஒளியின் முனைவாக்கமே குறையும். ஆகவே அவர்கள் முனைவாக்கத்தை அளந்தனர். 2004 இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிருஷ்ணமூர்த்தி, பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தின் மதன் ராவ் ஆகியோரும் இணைந்த குழு, முனைவாக்கத்தின் தேய்வை நானோநொடி அளவில் ஆராய்ந்தது. இப்புரதங்களில் 20 முதல் 40 விழுக்காடு, நான்குக்கு மேற்படாத மூலக்கூறுகள் கொண்ட நுண்கொத்துகளிலும், எஞ்சியவை தனித்தும் உள்ளன என்பது அதன் முடிவு.

குறைபாடுகள்

நம்பகமான வாழ்நாளைப் பெற ஒவ்வொரு படவணுவிலும் நூற்றுக்கணக்கான ஒளியணுக்களாவது தேவை. இரு வாழ்நாள்கள் கலந்திருப்பின் இன்னும் மிகுதியாக வேண்டும். இதனால் விரைந்து நகரும் நிகழ்வுகளைப் படமாக்குவது கடினம். நீண்ட நேரம் படும் ஒளி உயிரணுவுக்குத் தீங்கு விளைவிக்கவும் கூடும்.