தனிநபர் வலைத்தளம்

தனிநபர் வலைத்தளம் என்பது ஒருவர் தம் பெயரிலோ புனைபெயரிலோ நடத்தி, தாமே எழுதிச் சேர்த்துவரும் இணைய இடம். புதியது மேலே நிற்கும்படி நாள்வரிசையில் அமைந்தால் அது வலைப்பதிவு. வலைப்பூ என்றும் சொல்வார்கள். எழுதுபவர் பதிவர். பல பதிவர்களின் புது இடுகைகளை ஒரே பக்கத்தில் கோத்துக் காட்டுவது திரட்டி.

அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் 1994 ஜனவரியில் தொடங்கிய பக்கத்தை இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதுகிறார்கள். 1999இல் பிளாகர், 2003இல் வேர்ட்பிரஸ் வந்த பிறகு, நிரல் தெரியாதவரும் ஒரு மணி நேரத்தில் தளம் திறக்க முடிந்தது.

தமிழில்

தமிழில் தளம் தொடங்குவதற்கு முதல் தடை எழுத்துருவாக இருந்தது. ஒவ்வொரு இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிக்கொள்ளாத வாசகருக்குத் திரையில் குப்பை எழுத்துகளே தெரியும். தேடுபொறிக்கும் அப்படித்தான். 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், விண்டோஸ் 2000, எக்ஸ்பி கணினிகள் பரவிய பின்னரே அது வீடுகளுக்கு வந்தது. முரசு அஞ்சல், இ-கலப்பை போன்ற தட்டச்சு மென்பொருள்கள் கைகொடுத்தன. 2003 முதல் பதிவர்கள் பெருகினர். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி அவர்களை ஒரு தெருவில் குடியமர்த்தியது. வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக அமர்த்தும் வழக்கம் அங்கே இருந்தது. அந்த வாரம் முழுவதும் எழுதியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பலரை எழுத்தாளராக்கியது. பின்னர் முகநூல் வாசகர்களை இழுத்துக்கொண்டது. செய்தியோடை வழியே பதிவுகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டதும் ஓர் அடிதான்.

எழுத்தாளர் ஜெயமோகன் தம் தளத்தில் 2014 தொடக்கத்திலிருந்து 2020 வரை மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்ற பெயரில் அன்றாடம் ஓர் அத்தியாயமாக வெளியிட்டார். அது 26 நாவல்களாக முடிந்தது. வளரும் தளத்துக்கு என்ன வேண்டும் என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. வாசகரைத் திரும்ப வரவைப்பது பழக்கம்தான். நாளிதழ் வாசலில் விழும் நேரம்போல, இந்த நேரத்தில் இங்கே புதிதாக ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். வாரம் ஒன்று என்றாலும் போதும், நாள் தவறக்கூடாது.

முகவரியும் தேடலும்

தமிழ்ப் பதிவர் அதிகம் கவனிக்காமல் விடுவது இடுகையின் முகவரி. தமிழ்த் தலைப்பை பிளாகர் முகவரியில் சேர்க்காது. ‘பிளாக்-போஸ்ட்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் மட்டும் நிற்கும். தலைப்பை முதலில் ஆங்கில எழுத்தில் போட்டு வெளியிட்டு, பிறகு தமிழாக்குவது பழைய பதிவர்களின் கைப்பழக்கம். வேர்ட்பிரஸில் தமிழ் நிற்கும், ஆனால் எடுத்து ஒட்டும்போது பெரும்பாலும் குறியீடாக மாறிவிடும். ‘அம்மா’ என்பது யூனிகோடில் ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் ஒன்பது இடத்தைப் பிடிக்க, மொத்தம் 45 ஆகிறது. 200 இடத்தோடு வேர்ட்பிரஸ் வெட்டிவிடுவதால் பல தலைப்புகள் மூன்றாம் சொல்லிலேயே அறுந்துபோகின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பெறுபவர் அதை மோசடி இணைப்பு என்று அஞ்சக்கூடும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகத் தருவதே நல்லது. தமிழுக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை.

தேடலிலும் இத்தகைய நுணுக்கம் உண்டு. ஒருவர் கத்தரிக்காய் என்று தேடுவார், இன்னொருவர் கத்திரிக்காய் என்பார், மூன்றாமவர் ஆங்கில எழுத்திலேயே தட்டுவார். சமையல் தளம் நடத்துபவர் இடுகைக்குள் இரண்டு தமிழ் வடிவங்களையும் இயல்பாகக் கையாண்டால் முதல் இருவரும் வந்து சேருவார்கள். பழைய இடுகைகளைப் புதியவற்றிலிருந்து இணைத்துக்கொண்டே போவதும் வேண்டும். ஐந்நூறு இடுகைகள் உள்ள தளத்தில் வாசகரைத் தங்கவைப்பது அந்த உள்வழிகள்தான்.

வருவாய்

கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் தமிழை ஏற்றது. அதுவரை தமிழ்த் தளங்களுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. விளம்பரத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது இன்றும் கடினம். தளத்தின் வழியே புத்தகமாகவும் வகுப்பாகவும் வரும் வருவாய்தான் பலருக்கு நிலைக்கிறது.

காப்பு

இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் போயின. ஆகவே சொந்த டொமைன் வாங்குவது முதல் செலவாக இருக்கவேண்டும். இடம் மாறினாலும் முகவரி மாறாது. ஆனால் அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. பதிவர் காலமானால் கட்டுவதற்கு ஆளின்றி, இருபது ஆண்டு எழுத்து சில மாதங்களில் மறைந்துபோகும். வேர்ட்பிரஸின் ஏற்றுமதி வசதி எல்லா இடுகைகளையும் ஒரே கோப்பாகத் தரும். மாதம் ஒருமுறை அதை எடுத்து வேறொரு வட்டில் வைப்பதும், முக்கியமான பக்கங்களை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் சேமிப்பதும், கடவுச்சொல் இருக்குமிடத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவைப்பதும் பதிவரின் வேலையில் அடங்கும்.