இலை செய்த பட்டு

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் சிறுவந்தாடு என்று ஓர் ஊர். பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்றது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அங்கே போகிறவர்கள் ஜரிகையை விரலால் நெருடிப் பார்க்கிறார்கள். சாயம் போகுமா என்று கேட்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருக்கிறார்கள். இந்தப் பட்டைத் தந்த புழு என்ன சாப்பிட்டது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கட்சி.

இந்தப் பட்டுப்புழுவைப் போல ஆசாரம் பிடித்த பிராணியைக் காண்பது அரிது. முசுக்கட்டை இலைதான், அதாவது மல்பெரி இலைதான், அதற்கு ஆகாரம். திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். அந்தக் காட்டுத் தளிர் அத்தனையையும் உருவிக் கொண்டுவந்து கொட்டினாலும், புழு பட்டினி கிடந்து உயிரை விடுமே தவிர வாய் வைக்காது. முட்டையை விட்டு வெளிவந்து கூடு கட்டும் வரை ஏறக்குறைய 25 நாள். அதற்குள் நாலு தடவை தூங்கித் தோலுரித்து, எடையில் 10,000 மடங்கு பெருத்து விடுகிறது. தின்னும் இலையில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் கடைசி ஏழெட்டு நாளில்தான் உள்ளே போகிறது. கல்யாணப் பந்தி கெட்டது!

அந்த இலையின் சத்துத்தான் அதன் உடம்புக்குள் பட்டாக மாறுகிறது. குஞ்சுப் புழுவுக்கு நீர்ப்பசையுள்ள தளிர் வேண்டும். வளர்ந்த புழுவுக்குச் சற்று முற்றிய இலை. வாடிய இலையைப் போட்டால் பாதி தின்று மீதியை ஒதுக்கிவிடும். கூடு மெலிந்து போகும். மழையில் நனைந்த இலையைப் போட்டாலோ வயிறு கெட்டு, தட்டுத் தட்டாகச் சாகும். நல்ல இலை தின்ற உயர்ந்த ஜாதிப் புழுவின் ஒரே கூட்டில் 1,000 மீட்டர் வரை இழை இருக்கும்.

இந்த இலைக்குச் சரித்திரமும் உண்டு. 1780-களில் திப்பு சுல்தான் வங்காளத்துக்கு ஆளனுப்பி மைசூருக்குப் புழுக்களை வரவழைத்தார். சில ஆண்டுகளுக்கெல்லாம் சென்னையில் கும்பெனியின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனும் அதே காரியத்தில் இறங்கினார். விசித்திரமான மனிதர். சாயப் பூச்சி வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டமே போட்டவர். மல்பெரிக் கன்றுகளைப் பல ஊர்களுக்கும் அனுப்பினார். கடிதம் கடிதமாக எழுதித் தள்ளி, அவற்றை அச்சிட்டும் வெளியிட்டார்.

புழு வந்தது ஒரே வங்காளத்திலிருந்து. எஜமானர்கள்தான் இரண்டு பேர். 1809-ல் ஆண்டர்சன் கண்ணை மூடுமுன்பே அவருடைய பட்டுக் கனவு கலைந்துவிட்டது. திப்பு 1799-ல் போர்க்களத்தில் மடிந்தார். அவர் வைத்த செடியோ மைசூரில் நிலைத்துவிட்டது. மைசூர் மேட்டு நிலத்தின் மிதமான காற்றில் பறித்த இலை சட்டென்று வாடுவதில்லை. நம் சமவெளியின் சித்திரை வெயிலில், தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் துவண்டு போகும். கும்பெனியாரின் வரவு செலவுப் புத்தியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இலையின் பங்கைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

பிற்காலத்தில் சென்னை ராஜ்யத்திடம் பெரிய மல்பெரிப் பிரதேசம் ஒன்று இருக்கத்தான் இருந்தது: அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவின் கொள்ளேகால் தாலுகா. 1956 நவம்பர் 1-ல் ராஜ்ய எல்லைகளைத் திருத்தியபோது அது மைசூரோடு போயிற்று. திருத்தணியும் தேவிகுளமும் நமக்கு நினைவிருக்கின்றன. கொள்ளேகாலின் இலையை யார் நினைக்கிறார்கள்? தறிகள் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் இந்தப் பக்கம். புழுவின் சாப்பாடு அந்தப் பக்கம். கச்சாப் பட்டுக்காக நம் நெசவாளர் கன்னட நாட்டுச் சந்தையைப் பார்த்திருக்க வேண்டியதாயிற்று.

பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் மல்பெரி பரவியது. இன்று விழுப்புரம் மாவட்டத்திலும் தோட்டங்கள் இருக்கின்றன. மைசூர் ஆராய்ச்சி நிலையம் 1997-ல் வெளியிட்ட வி-1 என்ற ரகம் பெரிய, சாறுள்ள இலை கொடுக்கிறது. வெயில் மட்டும் ஆண்டர்சன் காலத்து வெயில்தான். அதனால் புழு வளர்ப்பவர்கள் வெயில் ஏறுவதற்குள் இலையைப் பறித்து, நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் மூடி விடுகிறார்கள்.