நாள் தவறாத மருந்து

மதரஸாவில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், குடும்பஸ்தரான பின்னர் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் என் இல்லத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துத் தயக்கத்தோடு நீட்டி, “ஹஜ்ரத், இது ஆகுமா?” என்று வினவினார். கிதாபுகளில் உள்ளதை எடுத்துரைத்தேன். மனநிறைவோடு திரும்பினார்.

ஓராண்டு கழியுமுன் மீண்டும் வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. கைக்குழந்தை நடை பழகுமுன்னரே அவர் மனைவி மறுபடியும் கருவுற்றிருந்தார், உடலும் நலிந்திருந்தது. மாத்திரை பயனற்றது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். விசாரித்தபோதுதான் உண்மை விளங்கிற்று. கணவர் ஊரில் இருக்கும் நாள்களில் மட்டும் அந்த அம்மையார் மாத்திரையை உட்கொண்டிருக்கிறார். வணிகத்தின் பொருட்டு அவர் வெளியூர் சென்ற நாள்களில் நிறுத்தியிருக்கிறார். ஆகுமா என்று கேட்க ஆலிமைத் தேடி வந்தவர், எப்படி உட்கொள்வது என்று கேட்க எவரையும் தேடிச் செல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது.

அந்த அறியாமை தந்த வெட்கமே இம்மாத்திரையின் வரலாற்றைப் படிக்க என்னைத் தூண்டியது. படித்த பின் ஒன்று தெளிவாயிற்று. மருந்தைக் கண்டுபிடிக்க நடந்த முயற்சி ஒரு பாதி; அதனை உட்கொள்ளும் முறையையும் அதன் தீங்குகளையும் பெண்களின் செவிக்குக் கொண்டு சேர்க்க நடந்த முயற்சி மறு பாதி. முதற்பாதியை உலகம் புகழ்கிறது. குடும்பங்களைக் காப்பதோ இரண்டாம் பாதியே.

முன்னோர் மறைக்காதது

கருவுறாமல் தடுப்பது பற்றிப் பேசுவதே நாணத்துக்கு மாறானது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் நபித்தோழர்கள் ‘அஸ்ல்’ செய்துவந்ததை, அதாவது விந்து கருப்பையைச் சேராதவாறு கணவன் விலகிக்கொள்வதை, ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. அதனை வெறுத்துரைக்கும் அறிவிப்பும் உண்டு. இமாம்கள் இரண்டையும் இணைத்து ஆராய்ந்துள்ளனர். மனைவியின் இசைவின்றி அது கூடாது என்பது ஹனஃபி, மாலிகி, ஹன்பலி சட்ட அறிஞர் பலரின் நிலைப்பாடு. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், பேறுகால ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதும், மிகுந்த மக்களால் விளையும் நெருக்கடியைத் தவிர்ப்பதும் அதற்கு ஏற்கத்தக்க நோக்கங்கள் என ‘இஹ்யா’வில் விளக்குகிறார்கள்.

ஹகீம்களும் பின்தங்கவில்லை. இப்னு ஸீனா (980-1037) தம் ‘கானூன்’ நூலில் கருத்தரிப்பைத் தடுப்பதற்கெனத் தனிப்பகுதி ஒதுக்கினார். பேற்றைத் தாங்க இயலாத இளம் பருவத்தாள், கருப்பையில் நோயுற்றவள், சிறுநீர்ப்பை நலிந்தவள் ஆகியோருக்கு மருத்துவர் அதனைச் செய்ய நேரும் என்று காரணம் காட்டினார். அந்நூல்கள் குறித்த மருந்துகள் பல இன்று நிலைக்கா. நிலைப்பது, அவர்கள் கொண்ட அணுகுமுறையே: பெண்ணின் உயிரைக் கருதி, அறிந்ததை மறைக்காமல் எழுதுதல். அவ்வழியைப் பின்பற்றியே எகிப்தின் முஃப்தி ஷைகு அப்துல் மஜீத் ஸலீம் அவர்கள் 1937இல், தக்க காரணமிருப்பின் தம்பதியர் கருத்தடை முறையைக் கைக்கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்தார்கள்.

கிழங்கிலிருந்து மாத்திரை

கருவுற்றிருக்கும் பெண் அக்காலத்தில் மறுபடியும் கருவுறுவதில்லை. அவள் உடலில் மிகும் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், சினைப்பையிலிருந்து புதிய முட்டை வெளிப்படாமல் தடுத்துவிடுகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகர அறிஞர் லுட்விக் ஹேபர்லாண்ட், 1921இல் முயல்களைக் கொண்டு இவ்வழியில் கருத்தடை செய்யலாகும் என்று காட்டினார். ஆயினும் அந்த ஹார்மோன் விலங்குகளின் உறுப்புகளிலிருந்து துளித்துளியாகவே கிடைத்தது. பொன்னினும் விலை மிகுந்திருந்தது.

அந்தத் தடையை நீக்கியது மெக்சிகோவின் காட்டுக் கிழங்கு. ரஸ்ஸல் மார்க்கர் என்னும் அமெரிக்க வேதியியலார், வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த அக்கிழங்கிலிருந்து 1940களில் புரொஜெஸ்டிரோனைப் பெருமளவில் ஆக்கினார். எனினும் அது வாய்வழி உட்கொண்டால் வலுவிழந்தது. 1951இல் மெக்சிகோ நகரில் ஜெராஸி, மிராமோன்டெஸ், ரோஸன்கிரான்ஸ் மூவரும் வாய்வழியே செயற்படும் நாரெதிஸ்டிரோன் என்னும் பொருளைப் படைத்தனர். அதனை ஒத்த வேறொரு பொருளை அமெரிக்காவின் ஸெர்ல் நிறுவனத்தில் ஃபிராங்க் கோல்டன் உருவாக்கினார். மார்கரெட் ஸாங்கர் அம்மையாரின் தூண்டுதலும், காதரின் மக்கார்மிக் அம்மையாரின் பெரும் பொருளுதவியும் சேர, கிரிகரி பின்கஸ், மின் சூ சாங், மருத்துவர் ஜான் ராக் ஆகியோர் அதை மாத்திரையாக ஆராயலாயினர்.

இருபது நாள் கணக்கு

எத்தனை நாள் உட்கொள்வது? இதுவே அடுத்து எழுந்த வினா. இடைவிடாது ஹார்மோன் பெற்ற பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. அவர்களோ தாம் கருவுற்றதாக மயங்கினர். ஆகவே மாதவிடாய் தொடங்கிய 5ஆம் நாள் முதல் 24ஆம் நாள் வரை 20 மாத்திரை, பின்னர் நிறுத்தம், அந்நிறுத்தத்தில் உதிரப்போக்கு என்று கணக்கிட்டனர். இன்று வழங்கும் 21 நாள், 7 நாள் முறை அதன் வழிவந்ததே. இடைவெளியில் வரும் உதிரப்போக்கு ஹார்மோன் நின்றதால் வருவது. உடல்நலத்துக்கு அவ்விடைவெளி இன்றியமையாதது அன்று எனப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் 2019இல் தெளிவுபடுத்தியது.

பெரும் சோதனை 1956இல் போர்ட்டோ ரிக்கோ தீவின் ரியோ பியேத்ராஸ் குடியிருப்பில் தொடங்கிற்று. ஏழைப் பெண்கள் மாத்திரையை விரும்பி ஏற்றனர். ஆனால் தாம் ஒரு சோதனைக்கு உட்படுகிறோம் என்பது அவர்களுக்கு எடுத்துரைக்கப்படவில்லை. அங்குப் பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே அம்மையார், 100க்கு 17 பெண்கள் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி, வயிற்றுவலி ஆகியவற்றால் வருந்துவதாகவும், பொதுப் பயன்பாட்டுக்கு இத்துன்பம் மிகுதி என்றும் அறிக்கை தந்தார். அவை பெரிதும் மனக்கற்பனை என்று ஆய்வுத் தலைவர்கள் ஒதுக்கினர். அப்பெண்கள் உரைத்தது உண்மை. அம்மாத்திரையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருள் இருந்தது; இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 வரையே உள்ளது.

‘எனோவிட்’ எனும் பெயரில் அது 1957இல் மாதவிடாய்க் கோளாறுகளுக்கும், 1960இல் கருத்தடைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஒரு கணவரின் வட்டப் பெட்டி

அக்காலத்தில் மாத்திரைகள் சிறு குப்பியில் வந்தன. இன்று உட்கொண்டோமா, நேற்றுடன் நின்றதா என்று அறிய வழியில்லை. இல்லினாய் மாநிலத்தின் ஜெனீவா என்னும் ஊரில் டேவிட் வாக்னர் என்ற பொறியாளர் வாழ்ந்தார். 1961இல் நான்காம் குழந்தை பிறந்த பின் அவர் மனைவி மாத்திரை உட்கொள்ளத் தொடங்கினார். உட்கொண்டாயா என்று கணவர் வினவுவதும், அதனால் மனைவி சினப்பதும் வழக்கமாயிற்று. வாக்னர் ஒரு தாளில் கிழமைகளை எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மாத்திரையை வைத்தார். ஒரு நாள் தாளும் மாத்திரைகளும் தரையில் விழுந்து சிதறின. பின்னர்ப் பிளாஸ்டிக்கினால் வட்ட வடிவப் பெட்டி ஒன்று செய்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இடம். இடம் வெறுமையாயின் மாத்திரை உட்கொள்ளப்பட்டது. 1964இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1963 முதலே மருந்து நிறுவனங்கள் அத்தகைய பெட்டிகளை விற்கலாயின. நாம் இன்று கையில் ஏந்தும் நாள் குறித்த அட்டையின் முன்னோடி அதுவே. ஒருவர் மற்றவரை ஐயுறுவதை நிறுத்தி, இருவரும் கண்ணால் கண்டறியும் வழியை ஒரு குடும்பத்தின் மனத்தாங்கல் உலகுக்குத் தந்தது.

துண்டுத்தாள் வந்த கதை

1961இல் ‘லான்ஸெட்’ மருத்துவ இதழில், இம்மாத்திரை உட்கொண்ட பெண் ஒருவரின் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்த செய்தி வெளிவந்தது. 1968இல் இன்மன், வெஸ்ஸி இருவரின் ஆய்வு அத்தொடர்பை உறுதிப்படுத்திற்று. 1969இல் பார்பரா ஸீமன் அம்மையார் மாத்திரையின் கேடுகளை விவரித்து நூல் எழுதினார். அதன் விளைவாக 1970 ஜனவரியில் அமெரிக்க செனட்டில் கேலார்ட் நெல்ஸன் தலைமையில் விசாரணை நடந்தது. மாத்திரை உட்கொண்ட பெண்களில் ஒருவரும் சாட்சியாக அழைக்கப்படவில்லை. அவையில் அமர்ந்திருந்த பெண்கள் எழுந்து, எங்கள் உடலைப் பற்றிப் பேசுகையில் எங்களை ஏன் கேட்கவில்லை என்று முழங்கினர். அவ்வாண்டே, மாத்திரையுடன் அதன் தீங்கைப் பெண்ணுக்கே உரைக்கும் துண்டுத்தாள் வைக்கப்பட வேண்டும் என்ற ஆணை பிறந்தது. நாம் பிரித்ததும் குப்பையில் எறியும் தாள் அவ்வாறு வென்று பெறப்பட்டது.

ஏழின் கணக்கு

இனி, அன்று என் மாணவருக்கு நான் சொல்லத் தவறியதைச் சொல்கிறேன்.

இம்மாத்திரை, வேண்டும்போது உட்கொள்ளும் தலைவலி மருந்து போன்றதன்று. தாம்பத்திய உறவு நிகழ்ந்தாலும் நிகழாவிட்டாலும் நாள்தோறும் உட்கொண்டால்தான் சினைப்பை உறங்கியிருக்கும். அதனை உறங்கச் செய்ய 7 நாள் தொடர்ந்து மாத்திரை வேண்டும். 7 நாளுக்கு மேல் மருந்து நின்றால் அது விழித்துக்கொள்ளக்கூடும். விதிகள் எல்லாம் இவ்வேழிலிருந்து பிறந்தவை.

மாதவிடாய் தொடங்கிய 5 நாள்களுக்குள் முதல் மாத்திரையைத் தொடங்கினால் பாதுகாப்பு உடனே உண்டு. கருவுறவில்லை என்ற உறுதியிருப்பின் பிற நாளிலும் தொடங்கலாம். ஆனால் முதல் 7 நாள் உறவைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஆணுறை போன்ற வேறு காப்பு வேண்டும். ஒரு மாத்திரை தவறினால் நினைவு வந்ததும் உட்கொண்டு, அடுத்ததை உரிய வேளையில் உட்கொள்க. ஒரே நாளில் இரண்டாயினும் கேடில்லை. இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து தவறினால், கடைசியாகத் தவறிய ஒன்றை மட்டும் உடனே உட்கொண்டு தொடர்ந்து, 7 நாளுக்கு வேறு காப்பையும் கைக்கொள்க. அத்தவறு மூன்றாம் வாரத்தில் நேர்ந்தால், இடைவெளி விடாமல் அடுத்த அட்டையைத் தொடங்குக. முதல் வாரத்தில் தவறி, உறவும் நிகழ்ந்திருந்தால் தாமதமின்றி மருத்துவரை அணுகுக. புதிய அட்டையைப் பிந்தித் தொடங்குவதே எல்லாவற்றிலும் ஆபத்தான மறதி. முன்னரே விட்ட 7 நாள் இடைவெளி அதனால் நீண்டுவிடுகிறது.

கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் மாத்திரை தவறியதற்கு ஒப்பாகலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியன இதன் வலுவைக் குறைக்கும். இரத்தக்கட்டி நோய் கண்டவர், உயர் இரத்த அழுத்தம் உடையவர், பார்வை மங்கலுடன் ஒற்றைத் தலைவலி வருபவர், 35 வயது கடந்த புகைப்பழக்கமுடையவர், பாலூட்டும் குழந்தைக்கு 6 மாதம் நிறையாத தாய்மார் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இதனைத் தொடலாகாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் அன்றே மருத்துவமனை செல்க.

இந்திய அரசு இலவசமாக வழங்கும் ‘மாலா-என்’ அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் உள்ளன. அந்த ஏழு, எண்ணும் பழக்கம் அறுபடாமல் இருப்பதற்கும் இரத்தம் ஊறுவதற்கும் உதவுவன. கருத்தடை செய்வன அல்ல. லக்னோ நகரின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டு, 1991இல் வெளிவந்த ‘ஸஹேலி’ வேறு வகை. அதில் ஹார்மோன் இல்லை. முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பின்னர் வாரம் ஒருமுறை என்பது அதன் கணக்கு. ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்குப் பொருத்தலாகாது.

முறை பிறழாமல் உட்கொண்டால் ஓராண்டில் 1000 பெண்களில் ஏறத்தாழ 3 பேரே கருவுறுவர். நடைமுறையிலோ 100இல் ஏறத்தாழ 7 பேர் கருவுறுகின்றனர். மருந்து இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு எண்ணிக்கையில் இருக்கிறது.

எண்ணுவது நம் இல்லத்துப் பெண்களுக்குப் புதிதன்று. ஹைளு நாள்களைப் பிசகாமல் எண்ணித் தொழுகையையும் நோன்பையும் பேணுபவர்கள் அவர்கள். இஷா தொழுகைக்குப் பின் மாத்திரை என்று வைத்துக்கொண்டால் வேளை தவறாது. ரமலானிலும் அவ்வேளை மாறத் தேவையில்லை. குறை அவர்களிடம் இல்லை. அட்டையைக் கையில் கொடுத்த நாம் கணக்கைக் கொடுக்கவில்லை.

என் மாணவரின் மனைவி அப்பேற்றில் மிகவும் துன்புற்றுப் பிழைத்தெழுந்தார், அல்ஹம்துலில்லாஹ். அதன் பின்னர் எவரேனும் “ஆகுமா?” என்று கேட்டு வந்தால், மார்க்கம் சொல்வதை உரைத்துவிட்டு, நானும் ஒரு கேள்வி கேட்கிறேன்: “எப்படி உட்கொள்வது என்று உங்கள் வீட்டாருக்கு மருத்துவர் சொன்னாரா? அந்தத் துண்டுத்தாளை இருவரும் சேர்ந்து படித்தீர்களா?”