வலை வார்ப்புரு மொழிகளில் சதவீத வடிவமைப்பு

வலைப்பக்கத்தின் மாறாத கட்டமைப்பையும், நிரல் இயங்கும்போது தரவுகள் வந்து நிரம்ப வேண்டிய இடங்களையும் ஒரே கோப்பில் குறித்து வைப்பதற்கான மொழி வார்ப்புரு மொழி எனப்படும். தரவுத்தளத்தில் 0.259 என்று பதிவாகியுள்ள ஒரு பின்னத்தை, பக்கத்தைப் படிப்பவர் 26% என்றோ 25.9% என்றோ காணும்படி மாற்றித் தருவதே இம்மொழிகளில் சதவீத வடிவமைப்பு ஆகும். எண்ணை அடுத்து ஒரு குறியைச் சேர்ப்பதோடு இப்பணி முடிவதில்லை. நூறால் பெருக்குதல், தசம இடங்களை முழுமையாக்குதல், படிப்பவரின் மொழி வழக்குக்கு ஏற்பக் குறியை அமைத்தல் என்னும் மூன்று முடிவுகள் இதில் அடங்கியுள்ளன. இவற்றை ஒவ்வொரு மொழியும் தனக்குரிய முறையில் எடுப்பதால், ஒரே மதிப்பு இரண்டு தளங்களில் இரண்டு விதமாகத் தோன்றக்கூடும்.

நூறால் பெருக்குதல்

முதல் வேறுபாடு, கொடுக்கப்படும் எண்ணை மொழி எவ்வாறு பொருள் கொள்கிறது என்பதில் உள்ளது. ஆங்குலர் வார்ப்புருக்களில் ஒரு மதிப்புக்குப் பின் செங்குத்துக் கோடிட்டு எழுதப்படும் மாற்றிக்குப் பைப் என்று பெயர். அவற்றுள் பெர்சென்ட் என்னும் பைப், தனக்கு வரும் எண்ணை விகிதமாகக் கொண்டு, அதை நூறால் பெருக்கிக் குறியைச் சேர்க்கிறது. ஃப்ரீமார்க்கர் மொழியின் சதவீத வடிவமும், பைத்தான் மொழியின் வடிவமைப்பு விதிகளில் சதவீதக் குறியால் சுட்டப்படும் வகையும் இவ்வாறே செயல்படுகின்றன. பைத்தானைச் சார்ந்த ஜின்ஜா வார்ப்புருக்களில் இவ்வகையை நேரடியாகப் பயன்படுத்தலாம். இதற்கு மாறாக, ரூபி ஆன் ரெயில்ஸ் வழங்கும் உதவிச் செயற்கூறு எண்ணைப் பெருக்குவதில்லை. அதற்கு 100 என்னும் எண்ணைக் கொடுத்தால், மூன்று தசம இடங்கள் என்னும் இயல்பு அமைப்பின்படி 100.000% என்றே எழுதுகிறது. ஆகவே 0.25 என்னும் விகிதம் ரெயில்ஸில் 0.250% ஆகவும், ஏற்கெனவே பெருக்கப்பட்ட 25 ஆங்குலரில் 2,500% ஆகவும் வெளிப்படும். இரண்டும் பிழைச் செய்தி எதுவுமின்றிப் பக்கத்தில் அமர்ந்துவிடுவதால், இவ்வகைத் தவறு நெடுநாள் கவனிக்கப்படாமலே இருக்க வாய்ப்புண்டு.

ஜாங்கோவின் வார்ப்புரு மொழியில் சதவீதத்துக்கெனத் தனி வடிகட்டி இல்லை. பட்டை வரைபடங்களின் அகலத்தைக் கணக்கிடுவதற்காக அமைந்த வித்ரேஷியோ என்னும் கட்டளை, ஒரு மதிப்பை அதன் உச்ச மதிப்பால் வகுத்து, கொடுக்கப்பட்ட அகலத்தால் பெருக்கி, முழு எண்ணாக்கித் தருகிறது. அகலத்தின் இடத்தில் 100 என்று எழுதினால் அதுவே சதவீதமாகிறது.

இத்தகைய சதவீத வசதி இல்லாத இடங்களில் நிரலர் தாமே நூறால் பெருக்கும்போது மிதவைப் புள்ளி எண்களின் இயல்பு குறுக்கிடுகிறது. தசமப் பின்னங்கள் பலவற்றை இரும எண்முறையில் துல்லியமாகக் குறிக்க இயலாது என்பதால், 0.29 என்பதை 100 ஆல் பெருக்கினால் கணினி 28.999999999999996 என்னும் விடையைத் தருகிறது. தசமப் பகுதியை வெட்டி நீக்கினால் 29 என்பது 28 ஆகிவிடும். ஆங்குலர், எண்ணை இலக்கங்களாகப் பிரித்துத் தசமப் புள்ளியை இரண்டு இடம் நகர்த்துவதன் மூலம் இச்சிக்கலைத் தவிர்க்கிறது.

முழுமையாக்கல்

எத்தனை தசம இடங்களைக் காட்டுவது என்பது இரண்டாம் முடிவு. ஆங்குலரில் இது 1.1-2 போன்ற குறிப்பால் தெரிவிக்கப்படுகிறது: முழுப்பகுதியில் குறைந்தது ஓர் இலக்கம், தசமப் பகுதியில் குறைந்தது ஒன்று, அதிகம் இரண்டு என்பது அதன் பொருள். குறிப்பு தரப்படாவிட்டால் தசம இடங்கள் முற்றிலும் நீக்கப்படுகின்றன.

சரிபாதியில் நிற்கும் எண்களை எப்பக்கம் நகர்த்துவது என்பதிலும் ஒருமைப்பாடு இல்லை. 0.125 என்பதைத் தசமமின்றிக் காட்டும்போது, பாதியை மேல்நோக்கி உயர்த்தும் ஆங்குலர் 13% என எழுதுகிறது. பாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுசெல்லும் ஜாவாவின் இயல்பு முறையும் பைத்தானும் 12% என எழுதுகின்றன. மேலும், மூன்று சமபங்குகளைத் தனித்தனியே முழுமையாக்கினால் ஒவ்வொன்றும் 33% ஆகி, கூட்டுத்தொகை 99% என நிற்கும் என்பதால், அட்டவணைகளில் தசம இடம் சேர்ப்பதோ, முழுமையாக்கியதைக் குறிப்பிடுவதோ நேர்மையான நடைமுறையாகும்.

வட்டார அமைப்பு

மூன்றாம் முடிவு வட்டார அமைப்பைச் சார்ந்தது. ஒரு மொழியும் நாடும் எண், நாள், நாணயம் ஆகியவற்றை எழுதும் மரபுகளின் தொகுப்பை இச்சொல் குறிக்கிறது. இம்மரபுகளை யூனிகோடு கூட்டமைப்பு ஒரு பொதுத் தரவுக் களஞ்சியமாகப் பராமரிக்கிறது. 2017இல் வெளிவந்த 5ஆம் பதிப்பு முதல் ஆங்குலர், உலாவியின் வசதியை நம்பாமல் அத்தரவையே பயன்படுத்துகிறது. ஆங்கிலத்தில் 26% என எண்ணை ஒட்டி எழுதப்படும் குறி, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் இடைவெளி விட்டும், துருக்கிய மொழியில் %26 என எண்ணுக்கு முன்னும் எழுதப்படுகிறது. இந்தியத் தமிழுக்கான அமைப்பு குறியை எண்ணின் பின்னே ஒட்டி எழுதினாலும், இலக்கங்களை இலட்ச முறையில் பிரிக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் 123,456% எனத் தோன்றும் மதிப்பு இதில் 1,23,456% ஆகிறது. ஆங்குலரின் இயல்பு அமைப்பு அமெரிக்க ஆங்கிலம் என்பதால், தமிழ் அமைப்பு வேண்டுவோர் அதற்குரிய தரவைத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இவ்வாறு வடிவமைக்கப்பட்ட சரம் படிப்பவருக்கு மட்டுமே உரியது. ஜெர்மன் அமைப்பில் உருவான 25,5 % என்பதை ஒரு பட்டையின் அகலமாக நடைத்தாளில் எழுதினால், தசமத்துக்குப் புள்ளியை மட்டுமே ஏற்கும் உலாவி அக்கட்டளையைப் புறக்கணித்துவிடும். அங்கே வட்டார அமைப்பு கலவாத எண்ணே வேண்டும்.

இல்லாத மதிப்புகளும் வேறுபாடுகளும்

மதிப்பே இல்லாதபோது ஆங்குலரின் பைப் எதையும் காட்டுவதில்லை. எண்ணாக மாற்ற முடியாத சரம் வந்தால் பிழை எழுப்புகிறது. ஜாங்கோவின் கட்டளையோ, வகுக்கும் எண் சுழியாக இருந்தால் 0 என எழுதுகிறது. தேர்வு எழுதியவரே இல்லாத பள்ளிக்கும், எழுதிய அனைவரும் தோற்ற பள்ளிக்கும் 0% என ஒன்றுபோலக் காட்டுவது தவறான செய்தியாகும் என்பதால், இவ்வேறுபாட்டை வார்ப்புருவை எழுதுபவரே நிபந்தனை அமைத்துக் காக்க வேண்டும். அதுபோலவே, 4% இலிருந்து 5% ஆன உயர்வு ஒரு சதவீதப் புள்ளி என்றும், அதுவே முந்தைய அளவில் 25% வளர்ச்சி என்றும் இருவகையாகச் சொல்லப்படக்கூடும். எதைக் குறிக்கிறோம் என்பதை வடிவமைப்புக் கருவி அறியாது.

இக்காரணங்களால், தரவுத்தளத்திலும் கணக்கீட்டிலும் மதிப்பை முழுமையாக்காத விகிதமாகவே வைத்திருந்து, பெருக்குதலையும் முழுமையாக்கலையும் குறி சேர்த்தலையும் பக்கத்தில் காட்டும் இறுதிக் கட்டத்தில் ஒரே ஒரு முறை செய்வதும், மாறியின் பெயரிலேயே அது விகிதமா சதவீதமா என்பதைத் தெளிவுபடுத்துவதும் பாதுகாப்பான முறைகளாகும்.