குச்சுப்பள்ளி

நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி. அதனை எழுப்பியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங் (ஆட்சிக்காலம் 1739–1763) என்பது தஞ்சை வட்டாரத்தில் பலரும் அறிந்த செய்தி. நாகூரின் நினைவைச் சுமந்து கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள், சிங்கப்பூரில் ஒரே வீதியில் எழுப்பிய இரு கட்டடங்களின் வரலாறோ இங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

1819இல் ஆங்கிலேயர் அங்கே வணிகத்தளம் அமைத்தபின், சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் தொழிலாளரும் குடியேறினர். சூலியர் எனப்பட்ட அவர்கள் கூடி வாழ்ந்த தெலுக் ஆயர் வீதி அந்நாளில் கடலை ஒட்டியிருந்தது. பிற்காலத்தில் கடலைத் தூர்த்தமையால் இன்று ஊருக்குள் இருக்கிறது. அங்கு 1827இல் கூரை வேய்ந்த தொழுகைக் குடில் ஒன்று அமைந்தது. தமிழர் அதனைக் குச்சுப்பள்ளி என்றனர். குச்சு என்பது சிறுகுடிசை. அருகிலேயே 1828–1830இல் நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீதின் பெயரால் ஒரு தர்கா எழுந்தது. அடக்கத்தலம் நாகூரில்தான், அங்கிருப்பது நினைவிடம் மட்டுமே.

குடில், 1850–1855இல் செங்கல் கட்டடமாயிற்று. அல் அப்ரார் பள்ளிவாசல் என்பது அதன் முறையான பெயர். 1974இல் இரண்டுமே தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் இரண்டின் வழிகளும் பிரிந்தன. பள்ளிவாசல் 1986–1989இல் அண்டைக் கடைவீடுகளையும் சேர்த்து விரிவுபடுத்தப்பட்டது. தொழுகை இன்றும் தொடர்கிறது. தர்காவோ கட்டுமானம் நலிந்து மூடப்பட்டது. பின்னர் சீரமைக்கப்பட்டு, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை மையமாகத் திறக்கப்பட்டது. நேர்ச்சையோடு வந்தவர்களின் இடத்தில் இப்போது காட்சிப்பொருள்களைக் காண வருவோர் நிற்கின்றனர்.

இதனைக் குறையாகச் சொல்லவில்லை. சீரமைத்திராவிடில் சுவர்களே எஞ்சியிருக்குமா என்பது ஐயம். எனினும், புதுப்பித்தல் எதனைக் காக்கிறது என்னும் வினாவுக்கு இவ்விரண்டும் இருவேறு விடைகள் தருகின்றன. ஒன்றில் கட்டடம் மாறிக்கொண்டே வந்தது, புழக்கம் நிலைத்தது. மற்றொன்றில் கட்டடம் காக்கப்பட்டது, புழக்கம் மாறிப்போயிற்று.

கூரை போய் நூற்றெழுபது ஆண்டுகள் ஆகின்றன. குச்சு என்னும் சொல் மட்டும் போகவில்லை. கடல் கடந்து வந்த ஏழைகள் முதலில் எதற்குள் நின்று தொழுதனர் என்பதற்கு அச்சொல்லே சான்று. நம் காவிரிக்கரை ஊர்களிலும் பழைய பள்ளிவாசல்களும் கோயில்களும் புதுக்கட்டடங்களாகி வருகின்றன. இடிக்கத் தொடங்குமுன், அவ்விடத்தை முதியோர் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையாவது கேட்டு எழுதி வைப்போம். கல்வெட்டில் ஏறாத வரலாறு பெரும்பாலும் அப்பெயர்களில்தான் இருக்கிறது.