பள்ளிக்கூடத்துக்குள் மெக்கானிக் ஒர்க் ஷாப் வந்த கதை



"நம்ம தொழிற்பிரிவு எப்ப வந்துச்சு, எதுக்கு வந்துச்சு, ஏன் இப்படி மெலிஞ்சு போச்சுன்னு முழுசா எழுதுங்க சார்" என்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதிவு நீளம்தான். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நம் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயில் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். திருமலை நாயக்கரின் தீராத நோய் இங்கே தீர்ந்ததாம். அதன்பின் இங்கே பூஜை முடிந்த சேதி கேட்டுத்தான் மதுரையில் அவர் சாப்பிட உட்காருவாராம். அதற்காக வழிநெடுக நகரா மண்டபம் கட்டி, ஒரு மண்டபத்து முரசைக் கேட்டு அடுத்த மண்டபத்தில் முழக்குவார்களாம். முரசு போன திசையில் பின்னாளில் பஸ்ஸும் லாரியும் ஓடின. மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1910-களின் தொடக்கத்தில் பஸ் விட ஆரம்பித்தார். வண்டி வந்தால் ரிப்பேரும் வரும். ரிப்பேர் வந்தால் அதைக் கற்றுக்கொடுக்க ஓர் இடமும் வேண்டும். அந்த இடம் வெகுகாலம் பள்ளிக்கூடமாக இல்லை. சாலையோர ஷெட்டுதான். பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு பையனைக் கொண்டுவந்து விடுவார்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது, அடி வாங்குவது, ஐந்தாறு வருஷம் கழித்து மேஸ்திரி மனது வைத்தால் என்ஜினைத் தொடுவது. தொழில் நன்றாகவே படியும். ஆனால் எழுத்து போய்விடும், கணக்கு போய்விடும், பையனுடைய வயதும் போய்விடும்.

இந்த முறைக்கு ஒரு மாற்று வேண்டும் என்று நம் பக்கத்தில் உரக்கச் சொன்னவர் கோவை ஜி.டி.நாயுடு. 1893-ல் கலங்கலில் பிறந்தவர், பள்ளிப்படிப்பை முடிக்காதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதையே வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மறுபடி மாட்டியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸில் தொடங்கிய அவருடைய தொழில் பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். பொறியியலுக்கு நான்கு வருஷம் தேவையில்லை, சுருக்கிப் பாதியில் முடிக்கலாம் என்று வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிவிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கால அளவு விஷயத்தில் அவர் சொன்னதை நான் முழுக்க ஏற்கமாட்டேன். ஆனால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் என்ஜினைத் திறக்க வேண்டும் என்பதில் அவர் பக்கம்தான்.

இதே காலத்தில் உயர்நிலைப் பள்ளியிலேயே தொழிலைக் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டில் ஆதாரக் கல்வி பேசப்பட்டது. பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தைக் கொடுக்கலாம் என்றார் காந்தி. பள்ளிக்கூடம் தொழிற்சாலை ஆகிவிடும் என்று அப்போதே பலர் எதிர்த்தார்கள். 1940-களின் கடைசியில் சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் பொறியியல், விவசாயம், செயலர் பணி, நெசவு என்று தனிப் பிரிவுகள் வந்தன. 1952-53-ல் ஏ.லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு, பலநோக்குப் பள்ளிகள் வேண்டும் என்று சொன்னது. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் 'பொறியியல்' என்று போட்டிருக்கும் தாத்தாக்கள் சிலர் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. நம் ராஜபாளையத்துக்காரர் பி.எஸ்.குமாரசாமி ராஜா 1952 ஏப்ரலில் பதவி விட்டு இறங்க, ராஜாஜி முதலமைச்சரானார். 1953-ல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் பற்றாது, பணம் இல்லை, இரண்டு ஷிஃப்ட் வைத்தால் அதே கட்டடத்தில் இரட்டிப்புப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு சொன்ன நியாயம். பெரியாரும் தி.மு.க.வும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் போராடினார்கள். 1954 ஏப்ரலில் நம் விருதுநகர் காமராஜர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்கள் செய்தது சரி. செருப்புத் தைப்பவர் மகன் மத்தியானம் செருப்புத் தைக்கப் போக, கர்ணம் மகன் மத்தியானம் கணக்குப் போடப் போவான் என்றால், அது படிப்புத் திட்டமே இல்லை. ஆனால் அந்தச் சண்டையின் நிழல் ரொம்ப நாள் நீண்டது. பள்ளிக்கூடத்தில் சுத்தியல் சத்தம் கேட்டாலே "நம்ம பிள்ளைய பழைய இடத்துக்கே தள்ளப் பாக்குறாக" என்ற பயம் பெற்றோர் மனதில் உட்கார்ந்துவிட்டது. நியாயமான பயம். ஆனால் மோட்டார் மெக்கானிக் யாருடைய குலத்தொழில்? கார்புரேட்டரை எந்தச் சாதி சுமந்து வந்தது? கம்பு, கலப்பை, தறி, சக்கரம் எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு தெரு உண்டு. என்ஜினுக்குத் தெரு கிடையாது. தொழிற்கல்வி தொடங்குவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

கோத்தாரி கமிஷன் 1964-66-ல் மேல்நிலைப் படிப்பில் தொழில் பிரிவு வேண்டும் என்றது. 1978-ல் தமிழ்நாட்டில் பி.யு.சி. போய் பிளஸ் ஒன், பிளஸ் டூ வந்தபோது பொதுப் பிரிவோடு தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதே ஆண்டு மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைப் படிப்பு செய்து கற்பதாக இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. வேலூரில் பிறந்து யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் வரை போன மனிதர் அவர். விவசாயம், மனையியல், வணிகம், பொறியியல், சுகாதாரம் என்று பல துறைகளில் பாடங்கள் வந்தன. அதில் ஒன்று ஆட்டோ மெக்கானிக்.

திட்டம் பெரிது, பணம் சிறிது. பாடம் நடத்த வந்தவர்களைப் பகுதிநேரமாகத்தான் வைத்தார்கள். நானும் அப்படித்தான் சேர்ந்தேன். முழுநேரமாக்கியது 1990-ல்தான். ஒரு டஜன் வருஷம் ஒரு பாடத்தின் வாத்தியார்களை அரைகுறையாக வைத்திருந்தால், அந்தப் பாடத்தையும் ஊர் அரைகுறையாகத்தான் பார்க்கும். பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்த பையன்களை இந்தக் குரூப்பில் போட்டார்கள். "என்ன சார், எம்மவன வண்டி தொடைக்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன்?" என்று ஒரு தகப்பனார் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. அதே தகப்பனார் மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்து நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி, பணம் இல்லாமல் எப்படி நடத்தினோம் என்பது. இதைத்தான் நீங்கள் அதிகம் கேட்டீர்கள், எனக்கும் எழுத ஆசை இதில்தான்.

மூலப்பொருளுக்கு வருஷத்துக்கு வந்த தொகையில் ஒரு செட் பிஸ்டன் ரிங்கும் இரண்டு டின் கிரீஸும் வாங்கினால் தீர்ந்தது. ஆகவே பழைய இரும்புக் கடைதான் நம் சப்ளையர். எடைக்கு வாங்கிய ஸ்கூட்டர் என்ஜின் ஒன்றை ஹாக்ஸா பிளேடால் வாரக்கணக்கில் அறுத்து, உள்ளே தெரிகிற மாதிரி வெட்டுத்தோற்ற மாடல் செய்தோம். கம்பெனி மாடலின் விலைக்கு ஒரு வகுப்பறையே கட்டலாம். அறுத்த செட்டுக்கு இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. போர்ட் எங்கே இருக்கிறது என்று அவர்கள் தோள்பட்டைக்குத் தெரியும்.

தேய்ந்த ஹாக்ஸா பிளேடையும் வீசமாட்டோம். அதன் கனம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர், பல வண்டிகளின் பிளக் இடைவெளியும் அதே அளவுதான். ஃபீலர் கேஜ் ஒன்றுதான் இருந்தது, பையன்கள் நாற்பது பேர். ஆளுக்கொரு பிளேடுத் துண்டு கொடுத்தால் வரிசை நிற்க வேண்டாம். பிறகு கேஜை வைத்து எவ்வளவு வித்தியாசம் என்று அளக்கச் சொல்வேன்.

துடைப்பதற்குப் பஞ்சுக் கழிவு. இதில் மட்டும் நாம் பணக்காரர்கள். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் மில்லுக்குப் பஞ்சமே இல்லை. கழுவுவதற்கு மண்ணெண்ணெய். பெட்ரோலில் கழுவ நான் விட்டதே இல்லை. அழுக்கான மண்ணெண்ணெயை டின்னில் ராத்திரி தெளியவைத்து, காலையில் மேலாக வடித்தால் மறுபடி இரண்டு தடவை ஓடும்.

எனக்கு மிகவும் பிடித்தது சாக்பீஸ் பரிசோதனை. கனெக்டிங் ராடிலோ சிலிண்டர் ஹெட்டிலோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைப் பூசி வையுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பூச்சில் கோடு போடும். நூறு வருஷத்துக்கு முன் ரயில்வே பட்டறைகளில் அச்சுகளை இப்படித்தான் சோதித்தார்கள். இன்றைக்கு விமானத் தொழிலில் விலையுயர்ந்த சாயம் வைத்துச் செய்வதும் இதே தத்துவம்தான். பள்ளிக்கூடத்தில் எது இல்லாவிட்டாலும் சாக்பீஸ் இருக்கும்.

வால்வு அரைத்த பிறகு மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிஷம் கசிகிறதா என்று பார்ப்பது, தடித்த அட்டையில் கேஸ்கெட் வெட்டுவது, செய்தித்தாளில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இடம் வரைந்து வரிசையாக அடுக்குவது எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சர்க்ளிப் தெறித்து ஓடினால் வகுப்பு மொத்தமும் தரையில் மண்டியிட்டுத் துழாவும். வேறு வழியில்லை, மாற்று வாங்கப் பணம் கிடையாது. ஆசிரியர்களின் ஸ்கூட்டர்களும் டி.வி.எஸ். 50-களும் நமக்கு இலவசச் செய்முறைப் பாடம். காசு வாங்குவதா என்று ஒருமுறை பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். காந்தி திட்டத்தை எதிர்த்தவர்கள் சொன்ன ஆபத்து அதில்தான் இருக்கிறது. காசு வந்தால் வேகமாகச் செய்கிற பையனுக்கே வண்டி போகும், மெதுவாகக் கற்கிறவன் துடைத்துக்கொண்டே இருப்பான்.

சொற்களிலும் ஒரு போராட்டம். புத்தகத்தில் 'உறிஞ்சு வீச்சு, அழுத்த வீச்சு' என்று இருக்கும், ஷெட்டில் 'சக்ஷன், கம்ப்ரஷன்' என்பார்கள். இரண்டையும் சொல்லிக் கொடுத்தேன். தமிழ்ச் சொல் கேட்டவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்தது, மற்றது தெரிந்தவனுக்கு வேலை கிடைத்தது.

1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 சதவீதம் பேரும் 1995-க்குள் 25 சதவீதம் பேரும் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நாடு அந்த இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. அதே 1986-ல் தொழிற்பழகுநர் சட்டத்தைத் திருத்தி நம் பிள்ளைகளையும் பயிற்சிக்கு எடுக்க வழி செய்தார்கள். அது நல்ல காரியம், அந்தச் சான்றிதழோடு பஸ் டிப்போக்களில் நுழைந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் பொதுவாக ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு இருந்த மதிப்பு நம் பையனுக்கு இல்லை. கல்லூரிக்குப் போனால் "தொழிற்பிரிவா?" என்றார்கள், கம்பெனிக்குப் போனால் "பிளஸ் டூவா?" என்றார்கள்.

வண்டியும் மாறிவிட்டது. அம்பாசடர் 2014-ல் நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் புது பைக்குகளிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தே போனது. நான் ஓய்வு பெற்ற பின் வந்த 2018 பாடத்திட்டத்தில் பாடத்தின் பெயரும் மாறி, அடிப்படை தானியங்கி ஊர்திப் பொறியியல் ஆனது. புத்தகம் அழகாக இருக்கிறது, வண்ணப் படங்கள். ஆனால் சென்சார் கோளாறைச் சாக்பீஸ் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்கேனர் வேண்டும். எங்கள் காலத்தில் இல்லாமையைக் கைவேலையால் சமாளித்தோம். இனி அப்படிச் சமாளிக்க முடியாது, வாங்கித்தான் கொடுக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் நீங்கள் நாலு பேர் சேர்ந்தால் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு ஒரு ஸ்கேனர் வாங்கிவிடலாம். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை நான் விசாரித்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. பழைய ரெக்கார்டு நோட்டு யாரிடமாவது இருந்தால், இரண்டு ஸ்ட்ரோக் படம் வரைந்த பக்கத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். கிரீஸ் கறை இருந்தாலும் பரவாயில்லை.